ஸ்பானிஷ் படிக்கப் போன தூத்துக்குடிக்காரி

ஸ்பானிஷ் பி.ஏ. ஹானர்ஸ்ல முதல் வருஷம் நாங்க ஒரு நாவல்கூட படிக்கல. மொழி, இலக்கியம், பண்பாடுன்னு பெருசா பேரு போட்டிருக்கும், ஆனா தினமும் காலையில போய் உக்காந்து நான் போறேன், நீ போற, அவன் போறான்னு வினைச்சொல் வாய்ப்பாட்டைத்தான் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தோம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துல, அதாவது ஜே.என்.யூ.வுல, இந்த மொழிப் படிப்புகளுக்கு அந்த மொழி முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் கிடையாது, ஓலான்னு வணக்கம் சொல்றதுல இருந்து ஆரம்பிப்பாங்க, ஆனா கடைசி வருஷத்துக்குள்ள பதினாறாம் நூற்றாண்டு கவிதையை எடுத்து வச்சு அதுக்கு விளக்கத்தை அதே மொழியில எழுதச் சொல்லிடுவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அட்மிஷன் அன்னைக்கு யாரும் சொல்றதில்ல, சொன்னா பாதிப் பேரு அப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பிருப்போம்.

ஊர்ல சித்தப்பா, "ஏம்மா, இதெல்லாம் ஆறு மாசக் கோர்ஸ்தான, இதுக்கு எதுக்கு மூணு வருஷம் டெல்லி?"ன்னு கேட்டாரு. மொழியை மட்டும் கத்துக்கிட்டா போதும்னா அவரு கேட்டது சரிதான். விடாம படிக்கிறவன் போன்லயே கத்துக்கலாம். மிச்சம் இருக்கற ரெண்டு வருஷத்துல என்ன நடக்குதுங்கறதத்தான் இங்க எழுதப் பாக்கறேன்.

அதுக்கு முன்னாடி இலக்கணத்தைப் பத்தி கொஞ்சம். தமிழ் பேசறவங்களுக்கு ஸ்பானிஷ் உச்சரிப்பு ரொம்ப சுலபம், ஏன் சுலபம்னு எந்தப் புத்தகமும் நமக்குன்னு சொல்லித் தராது. ஸ்பானிஷ்ல பி, டி, ஜி எழுத்துங்க ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல வந்தா இளகிடும், அழுத்திச் சொன்னா வெளியூர்க்காரின்னு உடனே தெரிஞ்சுரும். நாம 'அது'ன்னோ 'மகன்'னோ சொல்றப்ப வாயில தானா நடக்கிறது அதே வேலைதான். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச டெல்லிப் பசங்க அதுக்கு வாரக்கணக்கா திணறினாங்க. 'எனக்குப் பிடிக்கும்' மேட்டரும் அப்படித்தான். ஸ்பானிஷ்ல 'நான் விரும்பறேன்'னு சொல்லாம 'எனக்கு அது பிடிக்குது'ன்னுதான் வாக்கியம் போகும், இங்கிலீஷ்காரனுக்காக எழுதின பாடப்புத்தகம் இதுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி என்னென்னவோ அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கும், எங்க கிளாஸ்ல மலையாளம் ஹிந்தி தமிழ் எல்லாரும் 'இதுல விளக்க என்ன இருக்கு'ன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம். ஆனா சப்ஜங்ட்டிவ்னு ஒண்ணு இருக்கு, அங்க எல்லாரும் சமம். ஆசை, பயம், சந்தேகம், இன்னும் நடக்காத விஷயம், இதுக்கெல்லாம் வினைச்சொல் தனி வடிவம் எடுக்கும். எம்.ஏ. முடிச்சவங்களும் அதுல தப்பு பண்ணுவாங்க.

ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போறேன். ஜே.என்.யூ.வுல ஹாஸ்டலுக்கெல்லாம் ஆத்துப் பேருதான். பெரியார்னு போர்டு பாத்துட்டு, அட டெல்லியில நம்மாளுக்கு ஒரு ஹாஸ்டலான்னு நெஞ்ச நிமித்தாத தமிழ்ப் பிள்ளையே அங்க கிடையாது. அது கேரளாவுல ஓடற ஆறு.

சரி. ரெண்டாவது வருஷம் வரலாறு ஆரம்பிச்சுது, முதல்ல தூக்கிப் போட்டது 1492. கொலம்பஸ் வருஷம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஒரு வருஷத்துக்குள்ள என்னென்ன நடந்திருக்குன்னு வரிசையா பாருங்க. ஜனவரி 2, ஸ்பெயினோட தெற்குல மிச்சமிருந்த கடைசி முஸ்லிம் ராஜ்ஜியம் கிரனாடா விழுது. மார்ச் 31, யூதர்கள் மதம் மாறணும், இல்லன்னா நாட்டை விட்டுப் போகணும்னு அரசாணை. அக்டோபர் 12, கொலம்பஸ் அந்தப் பக்கம் கரை தொடறான். இதுக்கு நடுவுல ஆகஸ்ட்ல சலமாங்காவுல நெப்ரிஹான்னு ஒரு வாத்தியார், காஸ்தீலிய மொழிக்கு, அதாவது நாம இன்னைக்கு ஸ்பானிஷ்னு சொல்றதுக்கு, ஒரு இலக்கணப் புத்தகத்தை அச்சடிச்சு ராணி இசபெலுக்கு சமர்ப்பணம் பண்றாரு. முன்னுரையில அவரு வெளிப்படையாவே சொல்றாரு, மொழி எப்பவும் பேரரசுக்குத் துணையாவே போயிருக்குன்னு. ஜெயிச்ச நாட்டு ஜனங்க நம்ம சட்டத்தையும் நம்ம மொழியையும் ஏத்துக்க வேண்டி வரும், அப்ப இந்தப் புத்தகம் உதவும்ங்கறாரு. கொலம்பஸ் கரையைப் பாக்கறதுக்கு முன்னாடியே இது அச்சாயிருச்சு!

தாத்தா 1965 ஹிந்தி எதிர்ப்புக் கதை சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த முன்னுரையைப் படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு, இவ்வளவு நேர்மையா யாரும் இப்ப ஒத்துக்கமாட்டாங்களேன்னு. அடுத்த செமஸ்டர்ல ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ வந்தாரு. 1939ல உள்நாட்டுப் போர் முடிஞ்சதுல இருந்து 1975ல அவரு சாகற வரைக்கும் கத்தலான், பாஸ்க், கலீசியன் மொழிங்களுக்கு ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் இடம் இல்ல, பிள்ளைக்கு கத்தலான்ல பேரு வச்சா பதிவு பண்ணமாட்டாங்க. 1978 அரசியல் சட்டத்துல மூணாவது பிரிவுலதான், காஸ்தீலியன் நாட்டோட ஆட்சி மொழி, மத்த மொழிகளும் அந்தந்தப் பகுதியில ஆட்சி மொழின்னு வந்துச்சு. கிளாஸ்ல ஹிந்தி பேசற பசங்களுக்கு அது பரீட்சைக்கு வர்ற ஒரு பாயின்ட். நானும் மணிப்பூர்ப் பொண்ணும் அன்னைக்கு சாயங்காலம் கங்கா தாபாவுல உக்காந்து டீ ஆறிப்போற வரைக்கும் அதத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்.

நடுக்கால இலக்கியத்தை வேகமா தாண்டிடறேன், அங்க என்னை நிறுத்தினது ஒண்ணே ஒண்ணுதான். காஸ்தீலியன்ல கதைன்னு உரைநடையில வந்த ஆரம்பகால நூல்கள்ல ஒண்ணு நம்ம பஞ்சதந்திரம்! சமஸ்கிருதத்துல இருந்து பாரசீகம், அங்க இருந்து அரபி, அப்புறம் 1251 வாக்குல ராஜா பத்தாம் அல்ஃபோன்சோ இளவரசரா இருந்தப்ப அவரு சொல்லி காஸ்தீலியன்ல எழுதியிருக்காங்க. கதையில வர்ற கரடகன், தமனகன்ங்கற நரிகளோட பேரு அரபியில மாறின மாதிரியே ஸ்பானிஷ்லயும் நிக்குது.

எல்லாரும் கேக்கறது செர்வாந்தேஸ் எழுதின டான் கிஹோத்தே, இங்கிலீஷ்ல டான் குயிக்ஸாட். படிச்சேன், பிடிக்கும், அதுலயும் 1615ல வந்த ரெண்டாம் பாகம். முதல் பாகம் 1605ல வந்து ஹிட்டானதும் வேற எவனோ புனைபெயர்ல 1614ல ஒரு போலி ரெண்டாம் பாகம் போட்டுட்டான், செர்வாந்தேஸ் தன்னோட ரெண்டாம் பாகத்துல ஹீரோவையே விட்டு அந்தப் போலிப் புத்தகத்தைக் கிண்டல் பண்ண வைக்கிறாரு. ஆனா என் மனசுல உக்காந்தது லசாரில்லோ. 1554, யாரு எழுதினதுன்னு இன்னைக்கு வரைக்கும் உறுதியா சொல்ல முடியாத சின்னப் புத்தகம். ஒரு ஏழைப் பையன் குருடனுக்கு, பாதிரியாருக்கு, காசில்லாத வெத்து ஜம்பக்காரனுக்குன்னு ஒவ்வொருத்தர் கிட்டயா வேலைக்குப் போய் பசியில காயற கதை. வெளியில போறப்ப பல்லுக்குச்சியை வாயில வச்சுக்கிட்டு சாப்பிட்டவனா காட்டிக்குவான் அந்த ஜம்பக்காரன், வீட்ல ரொட்டித் துண்டுகூட இருக்காது, வேலைக்காரப் பையன் பிச்சை எடுத்துட்டு வந்ததுலதான் எஜமானுக்கே சாப்பாடு. அமெரிக்காவுல இருந்து வெள்ளி கப்பல் கப்பலா வந்து இறங்கிட்டு இருந்த காலத்துல ஊருக்குள்ள இதுதான் நிலைமை. 1559ல திருச்சபை விசாரணை மன்றம் அதை தடை பண்ணுச்சுங்கறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

இப்ப சவேரியாருக்கு வர்றேன். எங்க பாட்டிக்கு புனித சவேரியார் சொந்தக்காரர் மாதிரி. மணப்பாட்டுல அவரு தங்கினதா சொல்ற குகைக்கு வருஷா வருஷம் போவாங்க, 'எங்க சவேரியார்'னுதான் பேச்சே. அவரு ஸ்பெயின்ல பிறந்தவருன்னு எனக்கும் மேலோட்டமா தெரியும். லைப்ரரியில அவரோட கடிதத் தொகுப்பு கையில மாட்டினப்பதான் விவரம் தெரிஞ்சது. பிறந்தது 1506ல நவார்ரா நாட்டுல, ஹவியேர் கோட்டையில. அவருக்கு ஆறு வயசு இருக்கறப்ப, 1512ல, காஸ்தீலியப் படை நவார்ராவைப் பிடிச்சுருச்சு, அப்புறம் அவங்க குடும்பக் கோட்டையையே பெரும்பகுதி இடிச்சுட்டாங்க. அதாவது அவரே தோத்த ஊர்க்காரரு. 1542ல கோவா வந்து அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்தாரு. 1544 ஜனவரியில கொச்சியில இருந்து எழுதின கடிதம் ஸ்பானிஷ்ல இருக்கு, அதுல சொல்றாரு, அவங்க பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவங்களுக்குப் புரியல, அவங்க தாய்மொழி மலபார், என் தாய்மொழி பாஸ்க்ன்னு. அவரு மலபார்னு சொல்றது தமிழைத்தான். ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆட்களை வச்சு ஜெபங்களைத் தமிழ்ல மாத்தி மனப்பாடம் பண்ணிட்டு, கையில மணியை ஆட்டிக்கிட்டு தெருத்தெருவா பிள்ளைங்களைக் கூப்பிட்டிருக்காரு.

இத பாட்டிகிட்ட போன்ல சொன்னப்ப அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம், அவரே நம்மகிட்ட தமிழ் படிச்சாரா கண்ணுன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. ஆனா அதே கடிதத்துல இன்னொரு பகுதி இருக்கு. ஊருக்குள்ள யாராவது பழைய சாமியைக் கும்பிட்டா பிள்ளைங்க வந்து அவர்கிட்ட சொல்லும், அவரு பிள்ளைங்களைக் கூட்டமா கூட்டிட்டுப் போவாரு, பிள்ளைங்க அந்தச் சிலைகளைத் தூள்தூளா உடைச்சு, துப்பி, மிதிக்கும்னு சந்தோஷமா எழுதறாரு. அந்தப் பிள்ளைங்க யாரு? எங்க பாட்டியோட பாட்டியோட பாட்டிங்க. சிலை வச்சிருந்தவங்களும் அவங்கதான். அந்தப் பகுதியை நான் பாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டல, இனிமேயும் காட்டமாட்டேன்.

லத்தீன் அமெரிக்கப் பேப்பர் தொடங்கினதும் இதுமாதிரி சங்கடம் வாராவாரம் வந்துச்சு. பெருவுல குவாமான் போமான்னு ஒரு பூர்வகுடி மனுஷன், 1615 வாக்குல ஸ்பெயின் ராஜா மூணாம் ஃபெலிப்பேவுக்கு ஒரு கடிதம் எழுதறாரு. கிட்டத்தட்ட 1200 பக்கம்! நடுவுல அவரே வரைஞ்ச நானூறு படம், பாதிரியார் அடிக்கிற படம், வரி புடுங்கற படம். ஸ்பானிஷ்ல அவங்க பூர்வகுடி மொழி கெச்சுவா கலந்து, இலக்கணம் எல்லாம் எகிறிப் போய் இருக்கும். ராஜா படிச்சாருங்கறதுக்கு ஒரு தடயமும் இல்ல, 1908ல கோபன்ஹேகன் ராயல் லைப்ரரியில ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. முதல் வருஷம் பூரா எங்க நோட்டுல சிவப்பு மையால வட்டம் போட்ட அதே வாத்தியார், இந்தப் பக்கங்களைக் கொடுத்து, இதுல ஒரு எழுத்தையும் திருத்தக்கூடாதுன்னாரு. நெப்ரிஹா புத்தகம் யாருக்காக எழுதப்பட்டுச்சோ அந்த ஆளோட பதில் கடிதம்னே எனக்கு அது தோணும்.

அப்புறம் நெரூதா. தமிழ்ல நெரூதாவைத் தெரியாதவங்க கம்மி, இலக்கியக் கூட்டம், இடதுசாரி மேடை, லவ் ஸ்டேட்டஸ், எல்லா இடத்துலயும் வருவாரு. எங்க சிலபஸ்ல 1924 காதல் கவிதைகளும் கிழக்கு நாடுகள்ல இருந்தப்ப எழுதின இருண்ட கவிதைகளும் இருந்துச்சு. இருபதுகள்ல அவரு சிலி நாட்டுத் தூதரகத்துல சின்ன உத்தியோகத்துல ரங்கூன், கொழும்பு, பத்தாவியான்னு (இன்னைக்கு ஜகார்த்தா) சுத்தினவரு. 1929ல கொழும்பு, வெள்ளவத்தையில கடலோரமா ஒரு வீடு. வெள்ளவத்தைன்னு ஸ்பானிஷ் புத்தகத்துல பாத்ததும் எனக்கு அப்படி ஒரு குஷி, அப்பாவோட சொந்தக்காரங்க அங்க கடை வச்சிருந்தாங்க, அதனால சிலபஸ்ல இல்லாத அவரோட நினைவுக் குறிப்புகளை லைப்ரரியில எடுத்தேன். அவரு செத்த அடுத்த வருஷம் 1974ல வந்த புத்தகம்.

அந்த வீட்டுக் கக்கூஸ் வாளியை தினமும் விடியக்காலையில யாரோ வந்து சுத்தம் பண்ணிட்டுப் போறாங்க. ஒருநாள் அவளைப் பாக்கறாரு. தமிழ் இனம், பறையர் சாதின்னு அவரே எழுதறாரு. அழகா இருக்கான்னு வர்ணிக்கிறாரு. பட்டுத்துணி, பழம்னு வழியில வச்சுப் பாக்கறாரு, அவ திரும்பிக்கூடப் பாக்கல. கூப்பிட்டும் பிரயோஜனம் இல்ல. ஒருநாள் காலையில மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடறாரு. அவகிட்ட பேசறதுக்கு ஒரு மொழியும் இல்லைங்கறாரு. அவ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு சிலையா கிடந்தாளாம், அவ என்னை வெறுத்தது சரிதான், இன்னொரு தடவை அப்படி நடக்கலன்னு ஒரு வரி. அடுத்த பக்கம் வேற கதைக்குப் போயிடுது. இது ரேப். சுத்தி வளைச்சு சொல்ல ஒண்ணும் இல்ல.

ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணு வருஷமா செர்வாந்தேஸ், லோர்க்கா, போர்ஹேஸ்னு படிச்ச இந்த இலக்கியத்துல என் மொழி பேசற ஒரு பொண்ணு முதல் தடவையா வந்தா, அவளுக்கு பேரு இல்ல, பேச்சும் இல்ல. அவரு எழுதினது அவளுக்குத் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. பேச மொழி இல்லன்னு சவேரியாரும் எழுதினாரு, ஆனா அவரு மனப்பாடம் பண்ணாவது நாலு ஜெபத்தைத் தமிழ்ல கத்துக்கிட்டாரு.

செமினார்ல அதை வாசிச்சேன். கிளாஸ் ரெண்டா பிரிஞ்சுது. கவிதையையும் கவிஞனையும் தனியா பாக்கணும்னு ஒரு கோஷ்டி, பட்டியலை விட்டே தூக்கணும்னு ஒரு கோஷ்டி. நான் ரெண்டுலயும் இல்ல. அந்தப் பெண்ணோட சாதியையும் மொழியையும் அவரே சொல்லியிருக்காரு, ஸ்பானிஷ்ல இத்தனை வருஷமா கோடிக்கணக்கான பேரு படிச்சு அதை ஒரு சுவாரசியமான கீழைநாட்டுச் சம்பவமா கடந்து போயிருக்காங்க, அதுதான் என்னை அதிகமா உறுத்துச்சு. 2018ல சான்டியாகோ ஏர்போர்ட்டுக்கு அவரு பேரு வைக்கணும்னு சிலி நாடாளுமன்றக் கமிட்டி ஒண்ணு ஒத்துக்கிட்டப்ப அங்க இருக்கற பெண்கள் இந்தப் பத்தியைத்தான் தூக்கிக்காட்டி எதிர்த்தாங்க. அந்தக் கவிதைகளை நான் இன்னும் படிக்கிறேன், சிலது அபாரமா இருக்கு. கொழும்புக் காலத்துக் கவிதைன்னா மட்டும் விடியக்காலை வந்துட்டுப் போறவங்க யாராவது இருக்காங்களான்னு தேடுவேன். எனக்குத் தென்படல.

இதுக்கு அப்புறம் மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸைப் படிக்கிறது கொஞ்சம் மூச்சு விடற மாதிரி. 1962ல இருந்து 68 வரைக்கும் டெல்லியில மெக்சிகோ தூதரா இருந்தவரு, அக்டோபர் 2ல மெக்சிகோ சிட்டியில மாணவர்களைச் சுட்டாங்கன்னு தெரிஞ்சதும் பதவியை விட்டுட்டாரு. அவரு மதுரைன்னே தலைப்பு வச்சு ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்காரு, இங்கிலீஷ்காரனே இல்லாத பிரிட்டிஷ் கிளப்ல ஒரு உள்ளூர் பெரிய மனுஷன் ஆரஞ்சு ஜூஸ் குடிச்சுக்கிட்டே, எங்க ஊர்லதான் இந்தியாவுலயே பெரிய கோயில், எங்க ஊர்லதான் பெரிய கராஜ்னு பீத்திக்கிட்டு இருப்பாரு. கராஜ் பேரு டி.எஸ்.வி.ன்னு எழுத்து மாறி இருக்கும், ஆனா மதுரைக்காரனுக்கு எந்தக் கம்பெனின்னு சொல்லவேண்டியது இல்ல. நடுநடுவுல அடைப்புக்குறிக்குள்ள மீனாட்சியோட கண்ணு வந்து வந்து போகும். கிளாஸ்ல எல்லாரும் அடிக்குறிப்பைத் தேடினப்ப நான் ஒருத்திதான் சிரிச்சேன். மூணு வருஷத்துல என்கிட்ட இருந்த ஒரே சலுகை அது.

வேலை கிடைக்குமாங்கறதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். கிடைக்கும், ஆனா நீங்க படிச்ச இலக்கியத்துக்கு இல்ல. இருபது நாடு, ஏறக்குறைய 50 கோடி பேருக்குத் தாய்மொழி, நம்ம ஊர் மருந்து, பைக், கார் எல்லாம் மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலின்னு போகுது, சென்னையில செய்யற ஹுண்டாய் காரும் அதுல இருக்கு. அதனால பெங்களூர், ஹைதராபாத், குருகிராம்ல லாங்குவேஜ் ஸ்பெஷலிஸ்ட்னு ஆள் எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. இன்டர்வியூல யாரும் லசாரில்லோவைப் பத்தி கேக்கமாட்டாங்க, 'பில் வரலன்னு கத்தற கஸ்டமரை எப்படி சமாளிப்பீங்க'ன்னுதான் ஸ்பானிஷ்ல கேப்பாங்க. என் பேட்ச்ல ஒருத்தர் டூரிஸ்ட் கைடு, நல்லாவே சம்பாதிக்கிறாரு. ரெண்டு பேரு ஆராய்ச்சிக்குப் போனாங்க. நான் ஒரு மருந்துக் கம்பெனிக்காக லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் போற பதிவு ஆவணங்களைப் பாத்துக்கறேன், மாத்திரை அட்டையில என்ன எழுதணும், பக்கவிளைவை எந்த வரிசையில போடணும், இதான் என் உரைநடை.

சேரப் போறவங்களுக்கு ரெண்டே விஷயம். முதல் வருஷ இலக்கணத்தை அசட்டையா விட்டீங்கன்னா அப்புறம் இலக்கியப் பேப்பர் எல்லாத்தையும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புலதான் படிச்சுத் தள்ளுவீங்க, அதுக்கு டெல்லி வரைக்கும் போகவேண்டியதில்ல. ரெண்டாவது, ஸ்பானிஷ் மொழித் தகுதிக்கான டெலே பி2 சர்டிஃபிகேட் பரீட்சையை டிகிரி முடியறதுக்குள்ள எழுதிடுங்க, டெல்லி கன்னாட் பிளேஸ் பக்கத்துல இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ்லயே எழுதலாம், ஜே.என்.யூ.வுல இருந்து 615 பஸ் அந்தப் பக்கம் போகும், சர்டிஃபிகேட்டுக்கு காலாவதியே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு படிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. மெக்சிகோவுல காலையில எட்டு மணிக்கு ஆபீஸ் திறந்து முதல் மெயில் அனுப்புறப்ப நமக்கு ராத்திரி ஏழரை.